மூச்சு தெரியும் இடம்

காலையில் ஆவூர் கோவிலில் கல்யாணப் பூசை முடிந்து, பந்தியும் முடிந்து, மெர்லின் தன் புருஷன் ஃபிரெடியின் வீட்டில் வந்து இறங்கியபோது ஆவணி மாதத்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பழைய வீடு. தடித்த சுவர், தாழ்ந்த நிலை, நடுக்கூடத்தில் பகலிலேயே விளக்குப் போட்டாக வேண்டும். குனிந்து உள்ளே நுழைந்தவளுக்கு முதலில் தட்டுப்பட்டது அந்த இருட்டு இல்லை, ஒரு வாசனை. ஈரச் சாக்கில் கட்டிவைத்த அரிசித் தவிடு நாள்பட்டால் ஒரு புளித்த நெடி வருமே, அது.

மாடு வளர்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மாடும் இல்லை, கன்றும் இல்லை, ஒரு கோழிகூட இல்லை. துணி துவைக்கிற சிமெண்ட் மேடை ஒன்று மட்டும் ஆள் நீளத்துக்குக் கிடந்தது.

மெர்லின் மீமிசல்காரி. முப்பத்தைந்து வயது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். படுக்கையில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அப்பாவும் போன பிறகு வந்த வரன் இது. ஃபிரெடிக்கு விராலிமலை ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. மனைவி ஜெயராணி மழைக்காலக் காய்ச்சலில் இறந்து மூன்று வருடமாகிறது. ஐந்து வயதில் பிளெஸ்ஸி என்று ஒரு பெண் குழந்தை. ரெண்டாந்தாரமா என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுருக்கினார்கள். சுருக்கினவர்களில் ஒருவராவது அதுவரை ஒரு மாப்பிள்ளையைக் கண்ணில் காட்டியிருந்தால் அவளும் யோசித்திருப்பாள். அப்பன் முழங்காலைக் கட்டிக்கொண்டு போட்டோவில் நின்ற பிள்ளையைப் பார்த்துத்தான் அவள் சரி என்றாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், புருஷனைவிட அந்தப் பிள்ளைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அம்மா என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பிள்ளையோ கெட்டிக்காரி. புது ஆள் நர்ஸ் என்று யாரோ சொல்லிவைக்க, சிஸ்டர் என்று ஆரம்பித்துவிட்டாள். சிஸ்டர் தண்ணி, சிஸ்டர் ஜடை. வார்டில் கேட்டுக்கேட்டுச் சலித்த வார்த்தை வீட்டுக்குள்ளும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மெர்லின் சிரித்துக்கொண்டே ஜடை பின்னிவிட்டாள். உள்ளுக்குள் சுருக்கென்றதை யாரிடம் போய்ச் சொல்ல?

அன்று சாயங்காலம் குடும்பச் செபம் முடிந்து சிலுவை போட்ட கையோடு பிள்ளை ரிமோட்டை எடுத்தாள்.

"அப்பா, அம்மாவைப் போடவா?"

ஃபிரெடி திருதிருவென்று விழித்தான். புதுப் பெண்டாட்டி வந்து ஒரு வேளைச் சோறு தின்பதற்குள் இதை எப்படிச் சொல்வது? தட்டுத் தடுமாறித்தான் சொன்னான்.

‘அட்வகேட் அகிலாண்டம்’ என்று டிவியில் ஒரு தொடர் வந்தது. வாரம் ஒரு கொலை, வாரம் ஒரு வழக்கு. கறுப்புக் கோட்டு மாட்டிய அகிலாண்டம் மேடம் கூண்டில் நிற்கிறவனைக் கேள்வியாலேயே குடைந்து, கடைசி விளம்பரத்துக்கு முன்னால் உண்மையைக் கக்க வைத்துவிடுவாள். இப்போது எல்லாப் பாகமும் யூடியூபில் கிடக்கின்றன. அதில் ஒரு பாகத்தை இந்தப் பக்கம் வந்து எடுத்தார்கள். கிணற்றில் பிணமாக மிதந்த புதுப்பெண்ணின் வழக்கு. அந்தப் பிணமாக நடித்தவள் ஜெயராணி. நடித்து மூன்றாம் மாதமே காய்ச்சல் வந்து போய்விட்டாள்.

கல்யாண டிவிடியில் பூஞ்சை பிடித்துவிட்டது. வீடியோ எடுத்து வைத்திருந்த பழைய போன், மோட்டார் மாட்டப் போன இடத்தில் கிணற்றுக்குள் விழுந்தது. சுவரில் ஒரு கல்யாணப் போட்டோ தொங்குகிறது. அதில் ஜெயராணி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். ஆடி அசைகிற ஜெயராணி இந்த ஒரு பாகத்தில்தான் மிச்சம் இருந்தாள்.

பிணம் எங்கே ஆடி அசையப் போகிறது என்று வாய் வரை வந்ததை மெர்லின் விழுங்கிக்கொண்டாள். ஃபிரெடிக்கு அது கேட்டுவிட்டது போலும்.

"ஒரு எடம் இருக்கு, பாரு" என்றான் மெதுவாக.

சாம்பார் பொடி விளம்பரம் ஓடி முடிந்தது. சவக்கிடங்கு வந்தது. ஈரச் சுவர், ஒற்றை டியூப் லைட், சிமெண்ட் மேடையில் வெள்ளைத் துணி. ஒரு கை துணியை விலக்குகிறது. வெளுத்த முகம், நீலம் பூசிய உதடு, மூடிய கண். அகிலாண்டம் மேடம், இறந்தவளின் அக்காவாக நடிப்பவளைப் பார்த்து, "நல்லா பாருங்க, இது உங்க தங்கச்சிதானா?" என்று கேட்கிறாள்.

அந்தக் கேள்வி முடிகிற இடத்தில், பிணத்தின் தொண்டைக்குழி மெல்ல ஒரு தடவை ஏறி இறங்கியது.

ஃபிரெடி நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். மறுபடி ஏறி இறங்கியது.

"தெரியுதா? மூச்சு விடுறா" என்றான். மற்றவர்கள் அதைப் படம் எடுத்தவனின் கவனக்குறைவு என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவனுக்கு அந்த ஒரு மூச்சுதான் பெண்டாட்டி. மெர்லினுக்குப் பொறாமை வரவில்லை, அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள்.

பிளெஸ்ஸி பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாள். கழுத்து வரை வெள்ளைத் துண்டு. கண் மூடியிருந்தது.

விளையாட்டு என்றுதான் மெர்லின் நினைத்தாள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஃபிரெடி அந்தப் பாகத்தைப் போடுவான், அந்த இடத்தில் நிறுத்துவான், ஓட்டுவான். தினமும் பிள்ளை படுப்பாள். முதலில் இமை துடிக்கும், உதட்டோரம் சிரிப்பு கசியும். போகப் போக இமை துடிப்பது நின்றது. அப்புறம் சிரிப்பும் நின்றது. மூஞ்சியில் பவுடரை அப்பிக்கொண்டு படுக்க ஆரம்பித்தாள். இப்படியெல்லாம் படுக்கக் கூடாது கண்ணு என்று மெர்லின் தூக்கினால், ஈரத் துணி கனக்கிற மாதிரி கனத்தாள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. உலை வைத்துவிட்டு வந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். கூடத்தில் இல்லை, தெருவில் இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. வீடெல்லாம் தவிட்டு வாசனை.

சிமெண்ட் மேடையில், தூறலில், வெள்ளைத் துண்டுக்கு அடியில் பிளெஸ்ஸி கிடந்தாள்.

உதடு நீலம் பாய்ந்திருந்தது.

மெர்லின் எத்தனையோ பிள்ளைகளின் மூச்சை எண்ணியவள். விலா எலும்பைப் பார்த்தாள், அசையவில்லை. மூக்கருகே கன்னத்தை வைத்தாள், காற்றுப் படவில்லை. வாயைத் திறந்து ஊதப் போன நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்தாள்.

"சிஸ்டர், தெரிஞ்சுச்சா?"

"என்ன கண்ணு? என்ன தெரிஞ்சுச்சா?"

"மூச்சு. அம்மாவுக்குத் தெரிஞ்சுருச்சுல்ல. எனக்குத் தெரியக் கூடாதாம். தெரிஞ்சா ஒன் மோராம்."

யார் சொன்னது என்று கேட்டபடி மெர்லின் துண்டோடு அவளை வாரி எடுத்தாள். பிள்ளை சொன்னாள்.

"அம்மாதான் சொல்லுது. படுத்தா காதுல சொல்லுது."

அன்றைக்கே புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தெரிந்த டாக்டர்தான். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை, சில பிள்ளைகள் அடம் பிடித்து மூச்சை அடக்கும், வளர வளரச் சரியாகிவிடும் என்றார். வளர்வதற்கு இது மூச்சு விட்டாக வேண்டுமே என்று அழுகை வந்தது மெர்லினுக்கு.

ஃபிரெடியிடம் சொன்னாள். அவனும் பயந்துதான் போனான். ஆனால் ஆம்பிளை இல்லையா, பார்த்துப் பார்த்துப் பிள்ளைக்குப் புத்தியில் படிந்துவிட்டது, இனிமேல் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னான். ரிமோட்டைப் பரண்மேல் ஏற்றினான். அதோடு முடிந்தது என்று அவன் நம்பினான்.

மெர்லின் நம்பவில்லை. ஒன் மோர் என்கிற வார்த்தை அந்தப் பாகத்தில் எங்கேயாவது வருகிறதா? வந்தால் பிள்ளை அதிலிருந்து பிடித்துக்கொண்டாள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மறுநாள் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு பரணிலிருந்து ரிமோட்டை இறக்கி, தனியாக உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள். ஜட்ஜ் பேசினார், போலீஸ் பேசினான், கூண்டில் நின்ற புருஷன் கதறினான். அந்த வார்த்தையை ஒருத்தரும் சொல்லவில்லை.

சவக்கிடங்குக்குத் திரும்பி வந்து, அந்த இடத்தில் நிறுத்தினாள்.

அகிலாண்டம் மேடம் தூக்கிய கையோடு நின்றாள். அக்காக்காரி அழுத வாயோடு நின்றாள். டியூப் லைட்டில் மோத வந்த பூச்சிகூட அந்தரத்தில் நின்றது.

தொண்டைக்குழி ஏறியது.

இறங்கியது.

மெர்லின் ரிமோட்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். நிறுத்தியது நிறுத்தியபடியேதான் இருந்தது. பூச்சி அசையவில்லை.

மறுபடி ஏறியது. தூங்குகிறவளின் மூச்சு இல்லை அது. தெரிந்துவிடக் கூடாதே என்று அடக்கி அடக்கி, முடியாமல், திருட்டுத்தனமாக விடுகிற மூச்சு. மெர்லினுக்கு அந்த நேரத்திலும் அய்யோ பாவம் என்றுதான் தோன்றியது. தவிட்டு வாசனை மூக்கை அடைத்தது. சுவிட்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் வாசலுக்கு ஓடி, தெருவில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

படப்பிடிப்புக்கு ஜெயராணியைக் கூட்டிப்போனது கருப்பையா என்று ஃபிரெடி எப்போதோ சொல்லியிருந்தான். குன்றாண்டார்கோவிலில் பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். இந்தப் பக்கம் எந்தப் படக் கம்பெனி வந்தாலும் கூட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதும் அவர்தான். சனிக்கிழமை பிள்ளையை ஃபிரெடியிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினாள்.

கருப்பையா ஒரு நாற்காலியைத் தட்டிப் போட்டார். ஜெயராணி பேரைச் சொன்னதும், துடைத்துக்கொண்டிருந்த அண்டாவைக் கீழே வைத்தார். மூடிக்கிடந்த ஒரு அரிசி மில்லைத்தான் சவக்கிடங்காக மாற்றினார்களாம். மூலையெல்லாம் பழைய தவிட்டு மூட்டை, மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்களாம். மெர்லின் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். டைரக்டர் ஒன் மோர், ஒன் மோர் என்று திரும்பத் திரும்பப் படுக்கவைத்து ஜெயராணியின் உயிரை வாங்கிவிட்டார் என்றார். மூச்சு தெரிகிறதாம். எவ்வளவு நேரந்தான் அடக்குவாள்? நடுவில், அவள் கூட்டி வந்திருந்த சின்னப் பிள்ளை வேறு, அம்மா செத்துப்போச்சு என்று நினைத்து வீறிட்டு அழுததாம். கடைசியில் மழை பிடித்துக்கொள்ள, கிடைத்தது போதும் என்று மூட்டை கட்டிவிட்டார்கள்.

அண்டாவை மறுபடி எடுத்துத் துடைத்தார். இன்னும் ஏதோ பாக்கி இருப்பது முகத்தில் தெரிந்தது.

"எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு தாயி" என்றார். "பொணமா நடிச்சவுங்க அப்படியே எந்திரிச்சுப் போகக் கூடாது. கேமராவைப் பார்த்துச் சிரிச்சுட்டுத்தான் எந்திரிக்கணும். அது படத்துல வராது. ஆனாலும் எடுத்தாகணும். நான் செத்தவ இல்ல, உசுரோட இருக்கேன்னு காட்டுறதுதான்."

"ஜெயராணி அக்கா சிரிக்கலையா?"

"மாட்டேன்னுருச்சு. வேதக்காரவுங்களுக்கு இதெல்லாம் கெடையாதுன்னு ஒரே பிடிவாதம். வேதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் புள்ளைக்கு முன்னால தெத்துப்பல்லு. சிரிச்சா முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கிரும். கேமராவுல பல்லைக் காட்ட வெக்கம். மழை வேற கொட்டுது, எல்லாரும் அவசரத்துல இருந்தாங்க. நானும் விட்டுட்டேன்."

ஒரு வெட்கம். இத்தனைக்கும் காரணம் ஒரு பல்லு என்று நினைக்க மெர்லினுக்கு நெஞ்சு வலித்தது. பிள்ளைக்கு நடப்பதையெல்லாம் கொட்டினாள். அந்தச் சிரிப்பை இப்போது எடுக்க வழி உண்டா என்று கேட்டாள். ஆளே இல்லையே தாயி என்றார் அவர். அப்புறம், மாடியிலிருந்து குதிப்பதற்கெல்லாம் டூப் போடுவது உண்டுதான் என்று தாடையைச் சொறிந்தார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே மெர்லின் மனதில் முடிவு செய்துவிட்டாள். அது அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அவசரப்படாதீங்க தாயி" என்றார் குரலைத் தாழ்த்தி. "டூப்பு மூஞ்சியைக் காட்டக் கூடாது. காட்டிட்டா அப்புறம் அது டூப்பு இல்ல, அதான் ஆளு."

வழியெல்லாம் மழை. தெப்பலாக நனைந்து வீட்டுக்குள் நுழைந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

அணைந்து கிடந்த டிவிக்கு முன்னால் பாய். பாயில் பிள்ளை. பிள்ளைமேல் கவிழ்ந்தபடி ஃபிரெடி. மூன்று வருடமாக டிவியில் மூச்சைத் தேடியவன், இப்போது பெற்ற மகளின் தொண்டைக்குழியில் அதைத் தேடிக்கொண்டிருந்தான்.

"தெரியல மெர்லின்" என்றான். "பார்த்துக்கிட்டே இருக்கேன், தெரியல."

அவனைத் தள்ளிவிட்டுப் பிள்ளையின் வாயில் வாயை வைத்து ஊதினாள். மார்பை அழுத்தினாள். மாதாவே மாதாவே என்று ஊதினாள். போதும் போதும் என்றான பிறகு பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டாள். விட்டதும் தேம்பித் தேம்பி அழுதாள். வலியில் இல்லை. தோற்றுப்போன அழுகை.

"தெரிஞ்சுருச்சு" என்று அழுதாள்.

கருப்பையா சொன்ன வழக்கத்தை மெர்லின் ஃபிரெடியிடம் சொன்னாள். கடைசியாகச் சொன்ன எச்சரிக்கையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவன் விடமாட்டான். அடுத்த தடவை ஊதியும் மூச்சு வராவிட்டால்? அவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

நனைந்த உடையைக் களைந்து, மஞ்சள் பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டாள். தலையை அவிழ்த்துவிட்டாள். முகத்தில் பவுடரைப் பூசினாள். மழை விட்டிருந்தது, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கொல்லையில் அந்த மேடையில் ஏறிப் படுத்து, வெள்ளைத் துணியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். ஃபிரெடி போனைத் தூக்கிப் பிடித்தான். பிளெஸ்ஸி அவன் காலை ஒட்டி நின்றாள்.

மெர்லின் கண்ணை மூடினாள்.

சிமெண்ட் சில்லென்று முதுகில் ஏறியது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம். ஃபிரெடி மூச்சு விடுகிற சத்தம். பிள்ளை மூச்சு விடுகிற சத்தம், அது நன்றாகக் கேட்டது, அது போதும்.

அப்புறம் இன்னொரு மூச்சு. காதுக்கு வெகு பக்கத்தில். அடக்கி அடக்கி விடுகிற மூச்சு.

தவிட்டு வாசனை.

"எந்திரி மெர்லின்" என்றான் ஃபிரெடி எங்கேயோ தூரத்தில்.

எழ முடியவில்லை. கை கால் இருக்கிற இடம் தெரியவில்லை. அக்கா, ஒரு தடவை சிரித்துவிட்டுப் போய்விடு, பிள்ளையை விட்டுவிடு என்று மனதுக்குள் கெஞ்சினாள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவளுக்கு நினைவில்லை. மேடையில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே பிளெஸ்ஸி கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு மெர்லின் வாய்விட்டு அழுதாள். ஃபிரெடி போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என்ன எடுத்தோம் என்று திருப்பிப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் தெம்பில்லை.

அதற்கப்புறம் பிள்ளை பிணமாகப் படுக்கவே இல்லை. ராத்திரி உறங்க வைப்பதற்கே தலையால் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. தெருவில் ஆடினாள், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள், ஓடி ஓடி இரைக்க இரைக்க வந்து நின்றாள். அந்த இரைப்பைக் கேட்கக் கேட்க மெர்லினுக்கு வயிறு நிறைந்தது. வீட்டில் தவிட்டு வாசனையும் இல்லை. சாம்பிராணி போட்டால் சாம்பிராணி மணந்தது, மீன் பொரித்தால் மீன் மணந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. மூன்று பேரும் போனார்கள். மெர்லின் ஊதாச் சேலை கட்டியிருந்தாள். ஜெயராணியின் கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஒரு திரியும் அணையாமல் நின்று எரிந்தது. மனசு லேசாகத்தான் திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரெடி பரணைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"கடைசியா ஒரு தடவை போடட்டுமா?"

அவன் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. சாம்பார் பொடி ஓடியது. சவக்கிடங்கு வந்தது. துணி விலகியது. நல்லா பாருங்க, இது உங்க தங்கச்சிதானா?

தொண்டைக்குழி அசையவில்லை.

பின்னால் ஓட்டினான். அசையவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டுப் பார்த்தான். வெளுத்த முகம், நீல உதடு, பிணம். அவ்வளவுதான். அகிலாண்டம் மேடத்துக்கு ஏற்ற உருப்படியான பிணம். ஃபிரெடி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். போயிட்டாங்க, நிம்மதியா போயிட்டாங்க, அழாதீங்க என்று மெர்லின் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்றைக்குத்தான் இந்த வீடு தன் வீடு என்று நினைத்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டவன், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அன்றைக்கு எடுத்ததையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று டிவியில் போட்டான்.

கொல்லை மேடை. வெள்ளைத் துணி. துணி சரிய, மஞ்சள் பூப்போட்ட நைட்டியில் ஒருத்தி எழுந்து உட்கார்கிறாள். மெர்லின்தான். நேரே கேமராவைப் பார்க்கிறாள். சிரிக்கிறாள். சிரிக்கும்போதே வலது கை எழுந்து இடது தோளுக்குப் போகிறது. தோளில் ஒன்றும் இல்லை, ஒரு துப்பட்டாகூட இல்லை. விரல்கள் அந்த ஒன்றுமில்லாததைப் பிடித்து இழுத்துச் சேர்த்து, வாயைப் பொத்துகின்றன. பொத்திய கைக்கு மேலே கண்கள் வெட்கத்தில் சுருங்குகின்றன.

மெர்லின் பிறந்ததிலிருந்து வாயைப் பொத்திச் சிரித்தவள் இல்லை. வார்டில் அவள் சிரித்தால் அடுத்த கட்டிலுக்குக் கேட்கும்.

ஃபிரெடி நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். மறுபடி பார்த்தான். அழிக்கவில்லை.

"ஜெயா" என்றான் திரையைப் பார்த்து, மூச்சுக்குள்.

மெர்லின் போனைப் பிடுங்க எழுந்தாள். அதற்குள் சேலையை யாரோ பிடித்து இழுத்தார்கள். பிளெஸ்ஸி. டிவியைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய போட்டோவைப் பார்க்கவில்லை. மெர்லினின் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி, இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா" என்றாள்.

எந்த வார்த்தைக்காக இந்த வீட்டுப் படியேறினாளோ, அந்த வார்த்தை. பயம், நடுக்கம் எல்லாவற்றையும் மீறிக்கொண்டு உள்ளிருந்து ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. அடக்க முடியவில்லை, சிரிப்பு வந்தது. அதோடு தவிட்டு வாசனையும் வந்தது.

வேண்டாம் வேண்டாம் என்று அவள் தடுக்கத் தடுக்க, வலது கை எழுந்து இடது தோளுக்குப் போனது. இந்தத் தடவை அங்கே முந்தானை இருந்தது.